“இந்த ஆட்டம் சரியில்லை” என்று பிள்ளை சொன்னால்…



விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் கூட்டங்களில் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். “கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள்” என்பது ஒன்று. “காலம் மாறிவிட்டது, விட்டுவிடுங்கள்” என்பது மற்றொன்று. பிறை போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் இவ்விரண்டுக்கும் காரணம் உண்டு. தாயும் தந்தையும் மாறி மாறி இரவு வேலைக்குச் செல்லும் அடுக்குமாடி வீட்டில், பிள்ளையை வீட்டுக்குள் இருத்தி வைப்பது பல வேளைகளில் அந்தக் கைப்பேசிதான். பிடுங்கினால் பிள்ளை தெருவுக்குப் போகும். விட்டுவிட்டால் தூக்கம் கெடும், படிப்பும் கெடும். பெற்றோரின் தவிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இவ்விரு குரல்களுக்கும் நடுவே பிள்ளையின் குரல் ஒன்று இருக்கிறது. அதை நாம் செவிமடுப்பது அரிது. தோற்றுப்போன பிள்ளை, கையிலிருப்பதை மேசைமேல் போட்டுவிட்டுச் சொல்லும் வாக்கியம் அது: “இந்த ஆட்டம் சரியில்லை. ஏமாத்துது!”

நாம் என்ன செய்கிறோம்? “தோல்வியை ஏற்றுக்கொள்ளப் பழகு” என்று அறிவுரை கூறுகிறோம். இல்லையேல், “அப்படியானால் விளையாடாதே” என்று முடித்துவிடுகிறோம். பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது.

என் கருத்து வேறு. ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளை கூறும் குறைதான், யாரும் தூண்டாமல் அப்பிள்ளை தானாக முன்வைக்கும் முதல் வழக்கு. அதற்குக் காரணம் கேட்டு, சான்று கேட்டு, அதைத் தமிழிலேயே வாதாட வைப்பது தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் பணி. வீட்டில் அது பெற்றோரின் பணி. இதைத்தான் இங்குச் சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

எந்த வகை ஆட்டம்?

எல்லா விளையாட்டும் இதற்கு உதவா. விரலின் வேகத்தையே நம்பும் ஆட்டத்தில், தோற்றது ஏன் என்று எண்ணிப் பார்க்கும் முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடும். நான் குறிப்பிடுவது, முறை வைத்து ஆடும் வியூக ஆட்டங்களை. முதலில் நான் நகர்த்துவேன்; பிறகு நீ நகர்த்துவாய். நான் சிந்திக்கும்வரை எதிரி காத்திருப்பான். சதுரங்கம் அவ்வகை. கணினி விளையாட்டுகளிலும் அவ்வகை உண்டு. ஜப்பானில் 1990-இல் தொடங்கிய ‘ஃபயர் எம்பளம்’, ஜூலியன் கோலப் வடிவமைத்து 1994-இல் வெளிவந்த ‘எக்ஸ்-காம்’ ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. ‘எக்ஸ்-காம்’ 2012-இல் புத்துருவம் பெற்று, 2016-இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது.

இவ்வகை ஆட்டங்களில் ஒரு நன்மை உண்டு. ஆட்டம் முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கலாம். “ஏழாவது நகர்த்தலில் இந்தக் காயை இங்கே வைத்திருந்தால்?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்கக்கூடிய ஆட்டத்தில்தான் “சரியில்லை” என்னும் குறைக்கு விடை தேட முடியும்.

இவ்வகையில் நம் முன்னோர் விட்டுச்சென்ற ஆட்டம் ஒன்றுண்டு. கணினியும் வேண்டா, காசும் வேண்டா. ஒரு சுண்ணக்கட்டியும் பதினெட்டுக் காய்களும் போதும். அதுதான் ஆடுபுலி ஆட்டம்.

ஆடுபுலி ஆட்டம்: விதிகள்

இளைய ஆசிரியர்கள் சிலருக்கு இது பெயரளவில் மட்டுமே தெரியும் என்பதால் விதிகளை எழுதிவிடுகிறேன்.

உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகள். அவற்றின் அடிகளை இணைக்கும் ஒரு கிடைக்கோடு. இப்போது முக்கோணம் கிடைத்துவிட்டது. அதன் குறுக்கே, இருபுறமும் வெளியே நீளும்படி மூன்று கிடைக்கோடுகள் வரைய வேண்டும். அம்மூன்றின் முனைகளையும் இடப்புறம் ஒரு செங்குத்துக் கோட்டாலும் வலப்புறம் ஒரு செங்குத்துக் கோட்டாலும் இணைக்க வேண்டும். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் 23 வரும்.

புலிகள் 3. ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ தன் முறை வரும்போதெல்லாம் கோட்டின் வழியே பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம். அடுத்துள்ள ஆட்டுக்கு நேர்ப்பின்னால் புள்ளி காலியாக இருந்தால், அதைத் தாண்டிக் குதித்து வெட்டலாம். ஆடு எதையும் வெட்டாது. மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. அடைக்கப் போதாத அளவுக்கு ஆடுகள் குறைந்துவிட்டால் புலிக்காரருக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் வெற்றி என்பதும், புலிகளைத் தொடக்கத்தில் எங்கே வைப்பது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். என் வகுப்பில் 5 ஆடு என்று வைத்திருக்கிறேன்.

இது நமக்கு மட்டும் உரியதன்று. ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் இது உண்டு. நேபாளத்தில் ‘பாக் சால்’ என்று 4 புலி, 20 ஆடு வைத்து வேறொரு கட்டத்தில் ஆடுவர். நம் மலாய் அண்டை வீட்டாரிடமும் ‘ரிமாவ்-ரிமாவ்’ என்றொரு பழைய ஆட்டம் உண்டு. அதில் புலிக்கு எதிரே நிற்பவை ஆடுகளல்ல, மனிதர்கள். ஒரு மலேசிய வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான பாலம் வேறென்ன வேண்டும்?

பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?

இவ்வாட்டத்தின் சிறப்பு, இரு தரப்பும் ஒன்றுபோல் இல்லாமைதான். சதுரங்கத்தில் கறுப்பும் வெள்ளையும் ஒரே படையை வைத்திருக்கும். இங்கே ஒருவர் கையில் வலிமை. மற்றவர் கையில் எண்ணிக்கை. ஆகவே முதல் ஆட்டம் முடிந்ததுமே வாதம் வெடிக்கிறது.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மூன்று கட்சிகள் தோன்றக் கண்டேன்.

முதல் கட்சி: “புலிதான் எப்பவும் ஜெயிக்கும். அது வெட்டும், ஆடு வெட்டாது. நியாயமே இல்லை!” புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இக்கட்சிதான். புதியவர் ஆட்டை இறக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். நடுவே தனித்தனியாக இறக்குவார். பின்னால் இடம் காலியாக இருக்கும். புலி தாவித் தாவி வெட்டும்.

இரண்டாம் கட்சி சில நாள் கழித்துத்தான் பிறக்கிறது: “ஆட்டுப் பக்கம் எடுத்தால் தோற்கவே மாட்டோம்.” கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டை அக்கோட்டு வழியே தாண்ட முடியாது என்பதையும், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு ஆடுகளை அவ்வழியில் எந்தப் புலியும் வெட்ட முடியாது என்பதையும் இவர்கள் கண்டுகொண்டவர்கள்.

மூன்றாம் கட்சி சிறியது: “பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆடத் தெரிந்தவன் ஜெயிப்பான்.”

இங்கே ஆசிரியர் தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. “நிரூபி” என்ற ஒரு சொல் போதும். அச்சொல்லுக்குப் பிறகு நடப்பதுதான் கல்வி.

வகுப்பில் அதிகம் வாய் திறவாத மாணவி ஒருத்தி, ஒரு நாள் காய்களை நகர்த்தாமல் விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு, “டீச்சர், மூலையில நிக்கிற புலிக்கு நாலு ஆடு போதும்” என்றாள். ஏன் என்று கேட்டேன். மூலையிலிருந்து இரண்டு வழிகள்தாம் உள்ளன. ஒவ்வொரு வழியிலும் ஓர் ஆடு, அதன் பின்னால் தாவ முடியாதபடி இன்னோர் ஆடு. ஆக நான்கு. “உச்சியில் நிற்கும் புலிக்கு?” என்று கேட்டான் பக்கத்திலிருந்தவன். அங்கிருந்து நான்கு வழிகள். ஆகவே எட்டு ஆடுகள்.

அதற்குள் வகுப்பே கூடிவிட்டது. மூன்று புலிகளும் மூலைக்கொன்றாக நின்றால் 3 × 4 = 12 ஆடுகள் போதுமே! இருப்பதோ 15. அப்படியானால் மூன்று ஆட்டை இழந்தாலும் தாங்கும். அத்தோடு நிற்கவில்லை. இடப்புறச் செங்குத்துக் கோட்டின் மேல் மூலையில் ஒரு புலியும் கீழ் மூலையில் ஒரு புலியும் நின்றால், நடுவில் நிற்கும் ஒரே ஆடு இரண்டையும் அடைத்துவிடும். ஒன்றின் பின்னால் மற்றொன்று நிற்பதால் இரண்டும் தாவ முடியாது. எஞ்சிய வழிகளுக்கு இரண்டிரண்டு ஆடுகள். ஆக இரு புலிகளுக்கு எட்டு வேண்டா, ஐந்தே போதும்!

புலிக் கட்சியினர் விடுவார்களா? “நாங்கள் ஏன் மூலைக்குப் போகிறோம்?” என்றனர். மிகச் சரியான எதிர்வாதம். ஆடுகள் பதினைந்தும் இறங்கிய பின், இடையில் ஒன்றும் வெட்டுப்படவில்லை என்றால், 23 புள்ளிகளில் காலியாக இருப்பவை ஐந்துதான். அப்போது புலி தான் விரும்பிய இடத்தில் நிற்க முடியுமா? வாதம் மீண்டும் தொடங்கியது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதை நாம் அறிவோம். ஆட்டின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது வலியறிதல். எப்போது இறக்குவது, எப்போது பொறுப்பது என்பது காலமறிதல். மூலையில் நிற்கும் புலிக்கு ஏன் வலிமை குறைகிறது என்பது இடனறிதல். மனனப் பகுதியாக மட்டும் கிடந்த அதிகாரப் பெயர்கள் தரையில் வரைந்த கோட்டில் உயிர் பெறுகின்றன.

கணினி கூறிய தீர்ப்பு

“உண்மையில் எந்தப் பக்கம் வெல்லும், டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்காமல் இருப்பதில்லை. நம் ஆட்டத்தின் நேபாள உறவான பாக் சாலுக்கு இக்கேள்வியைக் கணினியிடமே கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லிம் யூ ஜின், சுவிட்சர்லாந்தின் கணினி அறிஞர் யூர்க் நீவர்கெல்ட்டுடன் சேர்ந்து அவ்வாட்டத்தை அலசினார். ஆடுகள் அனைத்தும் இறங்கிய பிறகு அமையக்கூடிய நிலைகள் மட்டும் 88 மில்லியனுக்கும் அதிகம். அவை அனைத்தையும் கணினியில் சேமித்து, பின்னர் ஆடு இறக்கும் கட்டத்தையும் தேடி முடித்தனர். 2009-இல் நூலொன்றில் வெளியான அவர்களது கட்டுரையின் முடிவு இதுதான்: இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் பாக் சால் வெற்றி தோல்வியின்றி முடியும்.

இம்முடிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகளோடு. ஒன்று, அது நேபாளக் கட்டத்துக்கான முடிவு. நம் முக்கோணக் கட்டமும் நம் விதிகளும் வேறு. அதை அப்படியே இங்கே பொருத்துவது தவறான வாதம். இரண்டு, “பிழையின்றி ஆடினால்” என்னும் சொற்றொடர். நம் வகுப்பில் பிழையின்றி ஆடுகிறவர் யார்? 10 வயதுப் பிள்ளைக்கு ஆட்டுப்பக்கம் கடினமாகத் தோன்றுவது உண்மை. கணினிக்கு அது சமமாக இருப்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டால், அது பெரிய பாடம்.

95 விழுக்காடு ஏன் தவறியது?

இனி, கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்படும் வியூக ஆட்டங்களுக்கு வருவோம். அங்கே எழும் குறை வேறு வகை.

‘எக்ஸ்-காம்’ ஆடுகிறவர்கள் உலகெங்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்த, சினந்த குறை ஒன்றுண்டு. எதிரி பக்கத்திலேயே நிற்கிறான். குறி தப்பாமல் படும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று திரை காட்டுகிறது. சுட்டால் தவறிவிடுகிறது! “ஆட்டம் ஏமாற்றுகிறது” என்று கொதிக்கிறார்கள்.

விளையாட்டு வடிவமைப்பாளர் சிட் மேயர், 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பற்றியே பேசினார். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தமக்குச் சாதகமான போரில் தோற்றால் ஆட்டக்காரர்கள் வெகுண்டெழுகிறார்கள். அதே கணக்கில் தமக்குப் பாதகமான போரில் வென்றால் ஒருவரும் குறை சொல்வதில்லை என்றார். எவ்வளவு கூர்மையான கவனிப்பு! நம் பக்கம் விழும் அதிர்ஷ்டத்தை நாம் திறமை என்கிறோம். எதிர்ப்பக்கம் விழுந்தால் ஏமாற்று என்கிறோம். பிள்ளைகள் மட்டுமா? பெரியவர்களும் அப்படித்தான்.

இக்குறையைக் கேட்ட உருவாக்குநர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கையே சற்று வளைத்தார்கள். ‘ஃபயர் எம்பளம்’ வரிசையில் 2002-இல் வந்த ஆட்டத்தில், ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைக் கொண்டு முடிவு செய்யும் முறை புகுந்தது. அதன் விளைவாக, திரையில் 90 விழுக்காடு என்று தெரிவது உண்மையில் 98 விழுக்காட்டைத் தாண்டிவிடும். 10 விழுக்காடு என்று தெரிவது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ‘எக்ஸ்-காம்’ இரண்டாம் பாகத்திலும், எளிய நிலைகளில் ஆடுகிறவருக்குத் தெரியாமல் ஆட்டமே கைகொடுத்தது. அதாவது, ஆட்டம் உண்மையைக் காட்டியபோது ‘ஏமாற்று’ என்றவர்கள், அது மறைவாக உதவியபோது ‘நியாயம்’ என்றார்கள்!

விளையாட்டு விற்பவர் அப்படிச் செய்வதில் வியப்பில்லை. வாங்கியவர் மனம் மகிழ வேண்டும். ஆசிரியர் அப்படிச் செய்யலாகாது. பிள்ளையின் எதிர்பார்ப்புக்கேற்பக் கணக்கை வளைக்காமல், கணக்கைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கொரு எளிய வழி உண்டு. ஒரு பையில் 19 வெள்ளைப் பொத்தான்களும் ஒரு சிவப்புப் பொத்தானும் போடுங்கள். வெள்ளை வந்தால் குறி பட்டது. சிவப்பு வந்தால் தவறியது. இதுதான் 95 விழுக்காடு. பார்க்காமல் ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போட வேண்டும். ஒவ்வொரு குழுவும் 20 முறை எடுக்கட்டும். 20 முறையில் ஒரு முறையேனும் சிவப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. ஆகவே பல குழுக்களுக்குச் சிவப்பு வந்தே தீரும். சில குழுவுக்கு இருமுறை வரும். அப்போது கேளுங்கள்: “பை உங்களை ஏமாற்றியதா?”

“கிட்டத்தட்ட நிச்சயம்” என்பதும் “நிச்சயம்” என்பதும் வேறு வேறு என்று விழுக்காட்டுப் பாடத்தில் பத்து முறை சொன்னாலும் பதியாதது, அந்தச் சிவப்புப் பொத்தான் கையில் வரும்போது பதிந்துவிடும்.

குறையை மூன்றாகப் பிரியுங்கள்

இதுவரை கூறியதைத் தொகுத்தால் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உதவும் ஒரு கருவி கிடைக்கிறது. பிள்ளை “ஆட்டம் சரியில்லை” என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. தற்செயலா? பகடையோ, திரைக்குப் பின்னால் உருளும் எண்ணோ உன்னைத் தோற்கடித்ததா? தாயம் ஆடுகிறவருக்கு இது தெரியும். அப்படியானால் ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. பலமுறை ஆடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. விதியா? இரு தரப்புக்கும் விதி சமமாக இல்லையா? அப்படியானால் பக்கம் மாற்றி ஆடு. நீ புலி, அவன் ஆடு. பிறகு நீ ஆடு, அவன் புலி. இருவர் கையிலும் ஒரே பக்கம் தொடர்ந்து வென்றால் உன் குறைக்கு வலு உண்டு. விதியில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். 15-க்குப் பதில் 14 ஆடு வைத்தால் என்ன ஆகும்?

3. என் ஆட்டமா? ஆடுபுலியிலும் பல்லாங்குழியிலும் நம் மலாய் நண்பர்களின் சொங்காக்கிலும் பகடையே கிடையாது. எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. பக்கம் மாற்றியும் தோற்றால், எந்த நகர்த்தலில் சரிவு தொடங்கியது என்று தேடு.

பெரும்பாலும் பிள்ளை மூன்றாம் கேள்விக்குத் தானே வந்து சேரும். நாம் இழுத்து வர வேண்டியதில்லை. ஆனால் சில வேளை பிள்ளை சொன்னதே சரியாக இருக்கும். பணம் கட்டியவருக்கு மட்டும் வலிமையான ஆயுதம் தரும் கைப்பேசி விளையாட்டுகள் இருக்கின்றன. அங்கே “இது நியாயமில்லை” என்பது புலம்பலன்று, சரியான கண்டுபிடிப்பு. அதைக் கண்டுகொண்ட பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த விளையாட்டைப் பிறகு நாம் பிடுங்க வேண்டியிராது.

இதில் தமிழுக்கு என்ன வேலை?

இப்போது என் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் விளையாட்டைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். எந்த வீரன் வலியவன், எந்த வியூகம் வெல்லும், எது நியாயமில்லை என்று இடைவேளை முழுவதும் வாதம்தான். அவ்வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கிறது. தமிழ் ஒட்டுச்சொல்லாக மட்டும் வருகிறது. மணி அடித்து வகுப்புக்குள் வந்ததும் நாம் என்ன தலைப்பு கொடுக்கிறோம்? ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு காலணி’. தன்கதைக் கட்டுரை வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் பிள்ளை உண்மையாகவே கவலைப்படும் ஒன்றைப் பற்றித் தமிழில் வாதாடும் வாய்ப்பை எப்போது கொடுத்தோம்?

உள்ளம் கொதிக்கும் போது ஒரு மொழி, ஏட்டில் எழுதும் போது வேறு மொழி என்று ஆகிவிட்டால், பள்ளிப் பருவம் முடிந்ததும் அந்த ஏட்டு மொழி உதிர்ந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்குப் போன பின் தமிழில் ஒரு கருத்தைச் சொல்லத் தயங்குவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்?

ஆகவே ஆட்டத்துக்குப் பின் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்கிறேன். “என் கருத்துப்படி…” என்று ஒரு வாக்கியம். “ஏனெனில்…” என்று ஒன்று. “சான்றாக, ஒன்பதாவது நகர்த்தலில்…” என்று ஒன்று. “ஆயினும், என் நண்பன் கூறுவது போல…” என்று ஒன்று. “ஆகவே…” என்று ஒன்று. ஆயினும், ஏனெனில், ஆகவே என்னும் இடைச்சொற்கள் இலக்கணப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சுமையாக இருப்பவை. வாதத்தில் வெல்ல அவை தேவைப்படும்போது தாமாகவே வந்து அமர்கின்றன. அந்த வாய் திறவாத மாணவி எழுதியதில் எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் “ஏனெனில்” சரியான இடத்தில் இருந்தது.

1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பின் மதிப்பீட்டு முறைகள் பற்றிப் பலவும் பேசப்படுகின்றன. முறை எதுவாயினும், உயர்நிலைச் சிந்தனை என்று நாம் கூறுவதன் உட்பொருள் ஒன்றே: காரணத்தோடு கருத்துரைத்தல். அதற்குப் பயிற்சி நூலை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

சில மறுப்புகள்

“பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை.” உண்மை. ஆயினும் மேலே கூறியவற்றில் விழுக்காடும் வடிவியலும் கருத்துரைக்கும் திறனும் எழுத்துப் பயிற்சியும் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருப்பவை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். புறப்பாட நேரத்திலும் நடத்தலாம்.

“கணினி விளையாட்டை நீங்களே ஊக்குவிக்கிறீர்களா?” இல்லை. விளையாட்டுக்கு அடிமையாதலை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் ஒரு கோளாறாகவே சேர்த்துள்ளது. தூக்கம், உணவு, பள்ளி, உறவு யாவற்றையும் விட்டு விளையாட்டிலேயே கிடக்கும் பிள்ளைக்கு வாதமன்று, உதவி தேவை. நான் பேசுவது மற்றப் பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் ஆடத்தான் போகிறார்கள். என்ன ஆடுகிறார்கள், ஆடியதைப் பற்றி யாரிடம் பேசுகிறார்கள் என்பதில் நமக்கு இடம் இருக்கிறது.

“பழைய ஆட்டத்தைப் பிள்ளைகள் விரும்புவார்களா?” ‘நம் பண்பாடு, காக்க வேண்டும்’ என்று சொல்லிக் கொடுத்தால் விரும்பமாட்டார்கள். ‘இதில் புலிப் பக்கம் நியாயமில்லை என்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்டால் உட்கார்ந்துவிடுகிறார்கள். முயன்று பாருங்கள்.

“சதுரங்கம் இருக்கிறதே?” இருக்கட்டும். விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் தம் 18-ஆம் வயதில் சிங்கப்பூரில் உலக வெற்றியாளர் பட்டம் வென்றார். நம் பிள்ளைகள் அதையும் ஆட வேண்டும். ஆனால் சதுரங்கத்தில் வலியவனும் எளியவனும் எதிரெதிரே நிற்பதில்லை. எளியவன் பக்கம் அமர்ந்து சிந்திக்கும் பழக்கத்தை ஆடுபுலி தருகிறது. பக்கம் மாற்றி ஆடும்போது, சற்று முன் தான் நகைத்த அதே இடத்தில் தானே அமர வேண்டும். அதை வேறெந்தப் பாடத்தில் கற்பிக்க முடியும்?

பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் வீட்டுத் தரையில் ஒரு முறை இக்கட்டத்தை வரையுங்கள். காய்க்குப் புளியங்கொட்டையும் சட்டைப் பொத்தானும் போதும். தாத்தா பாட்டி இருந்தால், தோட்டத்தில் எந்த விதியில் ஆடினார்கள் என்று அவர்களிடமே கேட்கட்டும். ஆட்டம் முடிந்ததும், வென்றது யார் என்று கேட்காதீர்கள். “எந்தப் பக்கம் கடினம்? ஏன்?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை அப்படியே ஒரு தாளில் தமிழில் எழுதச் சொல்லி, பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் எந்தக் கட்சி வென்றது என்று எனக்கும் எழுதுங்கள். 14 ஆடு வைத்து ஆடிப் பார்த்தவர் யாரேனும் இருந்தால், அம்முடிவை அறிய என் மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
பிறையிலிருந்து ஓர் ஆசிரியை